ஒரு குரோஸ் புத்தகம்

நுழையும்முன்

எழுதுவது தனிமையில் நிகழ்கிறது. எழுதியதைக் கொண்டுசேர்ப்பதோ தெருவில் இறங்கிச் செய்யவேண்டிய வேலை. பதிப்பகத்தின் துணையின்றித் தம் நாவலைத் தாமே அச்சிட்டு, தாமே சுமந்து விற்ற கரிசல்நிலத்து அஞ்சலக ஊழியர் ஒருவரின் தன்னனுபவக் கட்டுரை இது.

அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்திறங்கியபோது இரவு பத்து மணி இருக்கும். கட்டுக்கு 50 படிகளாகப் பத்துக் கட்டுகள். சரக்கு வண்டியின் ஓட்டுநர் அவற்றைத் திண்ணையில் அடுக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி ஒரு கட்டின் மேல்தாளைக் கிழித்து முதற்படியை எடுத்து முகர்ந்து பார்த்தார். அம்மா சற்றுத் தள்ளி நின்று கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தனய்யா?"

"ஐந்நூறும்மா."

ஒரு கணம் கண்களை மூடித் திறந்தார். "மூணு குரோசும் அறுபத்தெட்டும்" என்றார்.

குரோஸ் என்றால் 144. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி வேலை பார்த்த எவருக்கும் எண்ணிக்கையின் அலகு அதுதான். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டியவர். எழுத்தறியாதவர், ஆனால் குரோஸ் கணக்கில் பிழைபட்டதே இல்லை. முதற்படியை அவர் கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார். கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மற்றவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம்.

அந்த நாவல் தீப்பெட்டி ஒட்டும் ஒரு பெண்ணின் கதை. எழுதி முடிக்க ஏழாண்டுகள் ஆயின. பகல் முழுதும் அஞ்சலகத்தில் பிறருடைய கடிதங்களுக்கு முத்திரை குத்திவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் என் தாள்களை எடுப்பேன். கதை என்ற ஒன்று உலகில் இருப்பதை நான் அறிந்தது அம்மாவிடமிருந்துதான். சிறுவயதில் அடைமழை பெய்யும் இரவுகளில் என்னை மடியில் கிடத்திக்கொண்டு அவர் சொன்ன கதைகளே நான் கேட்ட முதல் நாவல்கள். மழையின் ஒலி, சிம்னி விளக்கு, பசையின் புளித்த மணம், அம்மாவின் குரல் ஆகிய இவை நான்கும் என் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நாவலின் நடுவில் 'மழையிரவு' என்றோர் இயல் அமைந்தது அப்படித்தான்.

பதிப்பாளரான கதை

கையெழுத்துப்படியை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து ஒன்றரை ஆண்டு மறுமொழியே இல்லை. இன்னோரிடத்தில் அச்சுச்செலவை நான் ஏற்றால் வெளியிடுவதாகச் சொன்னார்கள். செலவு என்னுடையதானால் நூலும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று முடிவுசெய்தேன். மனைவியின் கழுத்துச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குச் சென்றது. அவர் அதைக் கழற்றிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் எடையை, கவுண்டரில் எத்தனையோ கட்டுகளை நிறுத்துப்பார்த்த என்னால் இன்றுவரை நிறுக்க முடியவில்லை.

16 பக்கம் ஒரு ஃபாரம். என் நாவல் 16 ஃபாரம். ஆக 256 பக்கம். மெய்ப்பை மூன்று முறை நானே திருத்தினேன். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதை நான்காம் முறை மனைவி திருத்தியபோது அறிந்தேன். 13 இலக்கங்கள் கொண்ட பன்னாட்டுத் தர நூல் எண்ணை இந்திய அரசின் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. தனியொருவரும் விண்ணப்பிக்கலாம் என்பதே பல எழுத்தாளர்களுக்குத் தெரிவதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம் பற்றியும் அப்போதுதான் படித்தேன். நூலை வெளியிடுபவர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை, மும்பை, தில்லி நகரங்களில் உள்ள மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி தம் செலவில் அனுப்பவேண்டும். நான்கு கட்டுகளையும் நானே கட்டி, நானே நிறுத்து, நானே முத்திரை குத்தினேன். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் ஏதோ ஒரு நிலையடுக்கில் என் நூலும் நிற்கும் என்ற எண்ணத்தில் அன்று மாலை இரண்டு தேநீர் குடித்தேன். அந்த வாரத்தில் 'விற்ற' படிகள் அவை நான்குதாம்.

தன்னைப் புகழ்தல்

எழுதத் தெரிந்த எனக்கு, 'என் நூலை வாங்குங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. தமிழ் படித்தவனுக்கு இந்தக் கூச்சம் இரட்டிப்பானது. ஒருவன் தோன்றாத நுட்பங்களையெல்லாம் தோற்றுவித்துப் பல துறைகளில் நூல் முடித்தாலும் தன்னைத்தான் புகழ்வது தகாது என்கிறார் பவணந்தியார். நூலுக்குப் பாயிரம் சொல்ல உரியவர்களையும் நன்னூல் வரையறுக்கிறது. ஆசிரியரின் ஆசிரியர் சொல்லலாம், உடன்கற்றவர் சொல்லலாம், மாணவர் சொல்லலாம், உரைகாரர் சொல்லலாம். நூலாசிரியர் அந்த வரிசையில் இல்லை.

ஆயினும் அடுத்த நூற்பாவிலேயே பவணந்தியார் ஒரு சிறு வாயிலைத் திறந்துவைக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம். கட்டிலுக்கடியில் 495 படிகளை வைத்திருந்த நான், இரண்டாவது விதிவிலக்கைப் பற்றிக்கொண்டேன். என் ஆற்றலை அறியாதவர் என்று பார்த்தால் கோவில்பட்டி முழுவதுமே அதில் அடங்கும்.

என் தயக்கத்தைப் போக்கியது நன்னூல் மட்டுமன்று. ஒருநாள் அம்மா கட்டிலுக்கடியில் பெருக்கியபடியே கேட்டார்.

"ஏய்யா, இது இங்கயே கெடந்தா எப்பிடி? சரக்குன்னா கடைக்குப் போகணும்லா?"

"புத்தகம் சரக்கு இல்லம்மா."

"குச்சி எல்லாம் ஒரே குச்சிதான்யா. மருந்தும் ஒண்ணுதான். மேல ஒட்டுத படந்தான் வேற வேற. கடையில படத்தச் சொல்லித்தான் கேப்பாக. நீ படத்தக் காட்டாட்டி ஒன்கிட்ட குச்சி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" சற்று நிறுத்திவிட்டு, "நமுத்த குச்சியா இருந்தா எந்தப் படமும் காப்பாத்தாது. அது வேற" என்றார்.

அப்போது பாரதியார் நினைவுக்கு வந்தார். எட்டயபுரம் எங்கள் ஊருக்கு அருகில்தான். கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920இல், தம் படைப்புகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, பொருளுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றுமடல் விடுத்தார் அவர். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் விலைபோவதுபோலத் தம் நூல்களும் விலைபோகும் என்பது அவருடைய நம்பிக்கை. பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். தீப்பெட்டியை உவமையாகச் சொன்னவர் தீப்பெட்டி விற்கும் விலையையும் எண்ணியிருப்பார். 2007இல் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி, 14 ஆண்டுகள் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. விலை குறைவாக இருந்தால்தான் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையமுடியும். என் நாவலின் விலை 200 ரூபாய். அதாவது நூறு தீப்பெட்டி.

தோள்பை

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துத்தான் அச்சுச்செலவைச் சமாளித்தார். வை.மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே ஏற்று நடத்தி அதில் தம் நாவல்களை வெளியிட்டார். ஆனால் என் தோளுக்கு மிக நெருக்கமானவர் சி.சு. செல்லப்பாதான். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர். நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். முதிய வயதில் 'சுதந்திர தாகம்' என்னும் பெரிய நாவலையும் மூன்று பாகங்களாக வெளிக்கொணர்ந்தார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அவர் மறைந்தது 1998இல்.

நானும் ஒரு பை வாங்கினேன். இருபது படிகள் கொள்ளும். அதற்குமேல் வைத்தால் வார் அறும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தேறுவேன். புத்தகக் கடைகளில் நூற்றுக்கு 35 கழிவு கேட்டார்கள். அதுவும் விற்றபின் பணம். கடையைக் குறைசொல்ல முடியாது. அவர்களுக்கும் வாடகை உண்டு. புத்தகக் கண்காட்சிகளில் தனி எழுத்தாளனுக்கென்று அரங்கம் ஏது? தெரிந்தவர் ஒருவரின் அரங்கில், சமையல் குறிப்புகளுக்கும் போட்டித்தேர்வு நூல்களுக்கும் இடையே ஒருசாண் இடம் கிடைத்தது. அங்கே பத்து நாள் நின்றதில் ஓர் உண்மை புலப்பட்டது. நூலைப் பற்றி நான் பேசினால் மக்கள் புன்னகைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், பத்தில் இருவர் நின்று படித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் வாங்கினார்.

வாயை மூடிக்கொள்வது எளிதாக இல்லை. முகநூலிலும் புலனத்திலும் நாள்தோறும் நாவலிலிருந்து நான்கு வரிகளைப் படத்தோடு பகிர்ந்தேன். காலை எழுந்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணினேன். எண்ணிக்கை குறைந்த நாளில் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. இரண்டாவது நாவலின் குறிப்பேடு 41ஆம் பக்கத்தில் நின்றது. முதலில் அதன்மேல் தூசி படிந்தது. பிறகு அதன்மேல் பொட்டலம் கட்டும் தாள்களை வைத்தேன். 14 மாதங்கள் அது திறக்கப்படவில்லை. இரவு ஒன்பது மணி முன்போலவே வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்நேரத்தில் நான் எழுதியதெல்லாம் என்னைப் பற்றிய வாசகங்கள்.

உடன்கற்றவன் பெயரில்

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையை எழுதவேண்டியதே இல்லை.

நாவலுக்கு ஒரு மதிப்புரைகூட வரவில்லை. ஓசூரில் வேலைபார்க்கும் கல்லூரித் தோழனிடம் கேட்டேன். "படிக்க நேரமில்லடா, நீயே எழுதி என் பேரப் போட்டுக்கோ" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே இரவுகளில் மூன்று பக்க மதிப்புரை எழுதினேன். ஏழாண்டுகளில் நாவல் எழுதியபோது வராத சரளம் அன்று வந்தது. 'மழையிரவு' இயலைத் தனியே எடுத்துப் புகழ்ந்தேன். வெளியே ஐப்பசி அடைமழை கொட்ட, விடியும்வரை அமர்ந்து பெட்டி ஒட்டும் அந்தப் பெண்ணின் சித்திரத்தில் வாழ்க்கை அப்படியே உறைந்திருக்கிறது என்று எழுதினேன். ஒரு சிற்றிதழ் அதை வெளியிட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் எழுபது படிகள் விற்றன.

பிறகு சாத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதிப்புரையைப் படித்து நூலை வாங்கியதாகவும், நாவல் தமக்குப் பிடித்திருந்ததாகவும் முதல் பத்தியில் எழுதியிருந்தார். மதிப்புரை எழுதிய என் தோழருடன் தமக்கு ஒரு வழக்கு இருப்பதாக இரண்டாம் பத்தி தொடங்கியது. 'என் தாயாரும் பெட்டி ஒட்டியவர். அடைமழையில் ஒட்டிய பெட்டி காயாது. காயாத பெட்டியைக் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் வேலையும் இராது, சில நாள் அடுப்பும் எரியாது. எழுதியவர் கற்பனையில் தவறியிருக்கலாம். அதைப் படித்தவரும் எப்படித் தவறவிட்டார்? அவரிடம் இதுபற்றிப் பேச விரும்புகிறேன். தீப்பெட்டியைப் பற்றிப் பேச இப்போது எனக்கு யாரும் இல்லை. முகவரி தருவீர்களா?'

அவர் கேட்டது சக வாசகர் ஒருவரை. அப்படியொருவர் இல்லை. அவருக்கு முன்னால் அந்த நாவலைப் படித்து மதிப்புரை எழுதியதாகச் சொன்னவன் நான் ஒருவனே. உடன்கற்றவன் பாயிரம் சொல்லலாம் என்ற விதியைப் படித்திருந்த நான், உடன்கற்றவனின் வாயைத் திருடியிருந்தேன்.

கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நான்காம் நாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். நூலின் விலையான 200 ரூபாயைப் பணவிடையாக அனுப்பினேன். எட்டாம் நாள் அது திரும்பிவந்தது. என் கவுண்டருக்கே வந்தது. 'பெறுநர் மறுத்துவிட்டார்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் குறிப்போடு எத்தனையோ பணவிடைகளைத் திருப்பிக் கொடுத்து, அனுப்பியவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இம்முறை இரண்டு பக்கமும் நானே கையெழுத்திட்டேன். கடிதம் எதுவும் வரவில்லை. என்மேல் சினந்து மறுத்தாரா, வாங்கிய நூல் தம்முடையதுதான் என்று வைத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சிற்றிதழ் ஆசிரியருக்கும் எழுதினேன். அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு விளக்கம் வந்தது. அதன்பின் ஒரு வாசகர் வட்டம் என் நாவலுக்கு ஏற்பாடு செய்திருந்த கூட்டத்தைக் கைவிட்டது. முறைதான். தோழனிடம் மன்னிப்புக் கேட்டபோது சிரித்தான். அந்த வாரமே நாவலை உண்மையாகவே படிக்கத் தொடங்கி, ஓரிரவு அழைத்து, "பத்தொன்பதாம் பக்கத்துல தூங்கிட்டேன்டா" என்றான். என் நாவலுக்கு உடன்கற்றவன் சொன்ன முறையான பாயிரம் அதுவே.

நாள்தோறும் பகிர்வதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைப் பையை நிறுத்தவில்லை. விற்பது எனக்கு இப்போது கூச்சமாக இல்லை. பக்கத்தைத் திறந்து கொடுக்கிறேன், காத்திருக்கிறேன். சங்கிலி வங்கியிலிருந்து திரும்பிவர மூன்றாண்டுகள் ஆயின. அது முழுக்க நூல் விற்ற பணத்தில் வந்ததென்று சொன்னால் அதுவும் பொய்யாகும். பாதி, என் ஊதியத்தில் வந்தது. குறிப்பேட்டின் 42ஆம் பக்கத்தை எழுதினேன்.

பிழைதிருத்தம்

விற்காமல் எஞ்சியிருந்த படிகளிலாவது அந்தப் பிழையைச் சரிசெய்ய எண்ணினேன். கையளவுத் தாளில் சில வரிகள் அச்சிட்டு வாங்கிவந்தேன். அம்மா பழைய பசைச் சட்டியைத் தேடி எடுத்தார். மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சினார். எழுபது வயதைக் கடந்த விரல்கள். ஆயினும் தாளை எடுப்பதும், பசை தொடுவதும், ஒட்டி நீவுவதும் ஒரே அசைவாக நிகழ்ந்தன. நான் கட்டிலுக்கடியிலிருந்து புத்தகங்களை எடுத்து, பக்கத்தைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அடுக்கைக் கண்ணால் அளந்தார். "சரியா ஒரு குரோஸ்" என்றார். இரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தேன். 144.

பத்துப் பதினைந்து படிகள் ஒட்டியபின், "இதுல என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அடைமழை நாள்களில் பெட்டி ஒட்டும் வேலை நடைபெறாது. ஒட்டிய பெட்டி காயாது. அந்நாள்களில் கூலியும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டிய சாத்தூர் வாசகருக்கு நன்றி.

அம்மாவின் கை நின்றது.

"மழையில பெட்டி ஒட்டுதான்னா எழுதியிருந்த?"

"ஆமாம்மா."

"மழையில எங்கய்யா பெட்டி காயும்? சாத்தூர்வரைக்கும் போய்க் கேட்டியாக்கும். என்னக் கேட்டா சொல்லியிருக்க மாட்டனா?" விரலில் உலர்ந்த பசையைத் தேய்த்து உதிர்த்தார். "மழையன்னைக்குத்தான ஒன்ன மடியில போட்டுக் கத சொல்லுவேன். வேல இருந்தா கத சொல்ல ஏது நேரம்?"

எழுந்து சென்று, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த முதற்படியை எடுத்துவந்தேன். மேலட்டை வெயில்பட்டு வெளுத்திருந்தது. உள்ளே ஒரு பக்கமும் பிரிக்கப்படாமல் புதிதாகவே இருந்தது.

"அம்மா, மொதப் பக்கத்துலருந்து படிக்கட்டுமா?"

"படி" என்றார். "பச காயுது. நீ பாட்டுக்குப் படி. நான் ஒட்டிக்கிட்டே கேக்கேன்."